புகைக்கு எது தலை, எது வால்?

“ஏனுங்க அம்மணி, அந்தப் போட்டோவுல எம்பட மாட்டுப்பட்டி தெரியுதுங்களா?”

சத்தியமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, என் மேஜை முன்னால் நின்றுகொண்டு வெள்ளையம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு வரைபட ஆபீஸில் இருந்தேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, இது காடு, இது வயல், இது காட்டுத்தீப் புகை, இது புழுதி என்று பிரித்துக் கோடு போடுவது வேலை. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏசி உண்டு, எங்களுக்குக் கிடையாது. அடியில் விளக்கெரியும் லைட் டேபிள் மேல் ஃபிலிமை விரித்து, லென்ஸ் வைத்துக் கண்ணால்தான் பார்ப்போம்.

அந்த மாசியில் சத்தி மலையில் தீப்பிடித்தது. செயற்கைக்கோள் அந்தப் பக்கம் இருபத்திரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும். அதிர்ஷ்டம், தீ எரிந்த காலையிலேயே வந்து படம் எடுத்திருந்தது. படத்தில் காடு சிவப்பாகத் தெரியும். அதன் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு வெளுத்த பட்டை. அதுதான் புகை. அடியில் தரை தெரியவில்லை. தீ எந்த முனையில் தொடங்கியது என்று நான் சொல்ல வேண்டும். மேற்கு முனையில் வெள்ளையம்மாவின் மாட்டுப் பட்டி, கிழக்கு முனையில் அடிவார ரோடு. ‘மேற்கு முனை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதை வைத்து, காட்டில் மாடு அடைக்க அவருக்கிருந்த பர்மிட்டை ரத்து செய்யப்போவதாக வனத்துறை நோட்டீஸ் போய்விட்டது. நாற்பது மாடு. வேறு பிழைப்பு கிடையாது.

அவர் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஏனுங்கக்கா, மேல இருந்து எடுத்த படம் பொய் சொல்லுங்களா?”

“படம் என்னங்க சொல்லுச்சு, நீங்கதான சொன்னீங்க. பொகை எங்க மேல வந்துச்சுங்க. பொழுது கெளம்பற பக்கமிருந்து வந்துச்சு. மாடெல்லாம் மேக்கால ஓடுச்சு.”

“காத்து மேக்கயிருந்துதானுங்க அடிக்கும்?”

“அது உங்கூருக்குங்க அம்மணி. எங்க மலைக்கு மாசியில கெழக்குக் காத்துங்க.”

நான் வளர்ந்தது மதுக்கரையில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, காயப்போட்ட துணியைக் கிழக்கே பறித்துக்கொண்டு போகும். காற்று என்றாலே மேற்கிலிருந்துதான் என்று எனக்கு ஊறிப்போயிருந்தது; அதனால்தான் புகையின் மேற்கு முனையில் தீ என்று எழுதிவிட்டேன். யாரிடமாவது கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஃபிலிமை மறுபடி எடுத்தேன். ஒட்டும்போது தெற்கு ஓரம் ஒரு விரல் அகலம் டேப்புக்குள் போயிருந்தது. மெல்ல உரித்தேன். அங்கே கல் உடைக்கும் கிரஷர்கள். அவை இருக்கும் இடம் டோபோ ஷீட் என்கிற நில வரைபடத்தில் குறித்திருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கோடாகப் புழுதி கிளம்பி மேற்கே போயிருந்தது. அப்படியானால் காற்று கிழக்கிலிருந்துதான். தீ தொடங்கியது ரோட்டோரம்.

ஐயோ சாமி என்று உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜரிடம் போனேன். “ரிப்போர்ட் போயிருச்சேம்மா. இப்பத் தப்புன்னு சொன்னா நமக்கு அடுத்த வேலை எவன் குடுப்பான்? ‘சரியாத் தெரியல’ன்னு ஒரு வரி எழுதிப்போடு, போதும்.”

“நல்லாத் தெரியுதுங்க சார். நாந்தான் தப்பாப் பாத்துப்போட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவைப் பார்த்தார். “எழுதிக் கொண்டா. நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார். நல்ல மனுஷன்.

என் தவறு என்றே எழுதினேன். நோட்டீஸை வாபஸ் வாங்கினார்கள். ரோட்டோரம் தீ வைத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

விஷயம் முடிந்ததும் வெள்ளையம்மா ஒருமுறை வந்தார். நன்றி சொல்வார் என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன்.

“மாத்தி எழுதிப்போட்டீங்க, சந்தோசமுங்க. ஏனுங்க அம்மணி, நான் பஸ்ஸேறி வந்து கேட்டுப்போட்டேன். வராதவிங்களுக்கு?”

அவர் போனதும் பழைய ஃபைல்களை இறக்கினேன். புகை பற்றி நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்டில்கூடக் காற்றின் திசை இல்லை. எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க அந்தக் கோடை முழுக்க ஆயிற்று. இன்னும் இரண்டில் தப்பு இருந்தது. அவற்றால் பழி சுமந்த இரண்டு பேரும் ஆபீஸுக்கு வரவே இல்லை.

நான்தான் அவர்களைத் தேடிப் போனேன். படத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அன்றைக்கு அங்கே நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் போய் அவர்கள் வாசலில் நிற்பது ரொம்பக் கஷ்டம்.