சம்பந்தி வீட்டு கேசரோல்

எனக்குக் கோதுமை ஆகாது என்பதைத் திருநெல்வேலி டாக்டர் என் ஐம்பத்து நான்காவது வயதில்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கு முன் வயிற்று உப்பல், பேதி, ரத்தசோகை என்று பல வருடம் அலைந்ததில், சங்கரன்கோவிலின் மருந்துக்கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் வயிற்றின் வரலாறு மனப்பாடம். டாக்டர் ரத்தம் எடுத்தார், வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை என் குடல் ஏற்பதில்லையாம். சீலியாக் என்று பெயர். மைதா, ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் கூடாது, ஒரு சிட்டிகைகூட.

நான் தாலுகா ஆபீசில் கிளார்க். மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து மேஜைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதெல்லாம் வடக்க சப்பாத்தி திங்கவனுக்கு வாரதுல்லா? ஒமக்கு எப்படிவே வந்துச்சு?" வேறு மாநிலத்துக்காரனுக்கு ஒதுக்கிய வியாதியை நான் பொய் இருப்பிடச் சான்று காட்டி வாங்கிவிட்டேன் என்கிற மாதிரி இருந்தது அவர் கேட்ட விதம். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். "சோறு திங்கலாம்லா? இட்லி, தோசை திங்கலாம்லா? பெறவு என்ன கவலை?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் என் மனைவி வீட்டிலிருந்த பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தாள். அதில் மைதா இருந்தது. அன்றோடு வெளியே சாப்பிடும் சாம்பாரும் ரசமும் போயின. கல்யாண வீடுகளுக்கு நான் டிபன் பாக்ஸில் தயிர்சோறு கொண்டுபோக ஆரம்பித்தேன். பந்தியில் எதிர் இலைக்காரர்கள், நான் சமையல்காரரோடு பழைய பகை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில் என் மகனுக்குப் பெண் அமைந்தது. பெண் வீடு கரிவலம்வந்தநல்லூர். அப்பாவுக்கு வயலும் தோப்பும் உண்டு. அம்மா போனைப் பார்த்துப் புதுப்புதுப் பலகாரம் செய்கிறவர். பெண் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பூ வைத்து முடித்தபின் எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். முன்ஜாக்கிரதையாக என் மனைவி போன் செய்து, "மைனி, இவுகளுக்குக் கோதுமை மட்டும் ஆகாது. வெறும் சோறும் மோரும் போதும்" என்றாள்.

அந்த அம்மாவுக்கு அது சவாலாகப் பட்டிருக்கவேண்டும். "சோறும் மோருமா? நல்லாச் சொன்னீக! அண்ணாச்சிக்குன்னு தனியா வெஜிடபிள் கேசரோல் செஞ்சு வைக்கேன். முழுக்கக் காய்கறிதான்."

எங்கள் வீட்டில் கேசரோல் என்பது இட்லி ஆறாமல் இருக்க மூடி வைக்கும் பிளாஸ்டிக் பாத்திரம். அதை எப்படிச் செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

போய் உட்கார்ந்ததும், எல்லோருக்கும் இலை போட்டு எனக்கு மட்டும் பீங்கான் தட்டு வைத்தார்கள். அடுப்படியிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டம் வந்தது. மேலே பொன்னிறத்தில் மொறுமொறுப்பாக ஒரு மூடாக்கு. கரண்டியை விட்டதும் உள்ளே கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் வெள்ளைக் குழம்பில் கழுத்துவரை முங்கிக் கிடந்தன. அதிலே பாதியை அள்ளி என் தட்டில் வைத்தார் அந்த அம்மா.

"புது ஓவன்ல வச்சது அண்ணாச்சி. கோதுமை ஒரு பொட்டு கெடயாது."

நான் மரியாதைக்கு மூன்று வாய் விழுங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஆறு மாதமாக எதுவும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

"இவ்வளவு கெட்டியா எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வெண்ணெயில மைதாவ வறுத்து, பால ஊத்திக் கிண்டுனது. மேல ரஸ்க்கப் பொடிச்சுத் தூவியிருக்கேன்."

என் கை நின்றது. "மைதா கோதுமைல்லா?"

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பதில் சம்பந்தியிடமிருந்து வந்தது. "யாரு சொன்னா? மைதா மரவள்ளிக் கிழங்குல எடுக்கது சம்பந்தி. எலெக்‌ஷனுக்குப் போஸ்டர் ஒட்ட அண்டா அண்டாவாப் பசை காச்சுனவன் நான். எனக்குத் தெரியாதா?"

பசை காய்ச்சியவரோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை. மேஜைக்கடியில் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். அது தின்னாதே என்பதா, சண்டை போடாதே என்பதா என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. அடுப்படி வாசலில் நின்ற பெண் மட்டும், "அம்மா, மைதா கோதுமையில இருந்துதான்…" என்று தொடங்கினாள். "நீ சும்மா இருட்டி" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையான என் மகன் தலை நிமிராமல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். நான் இன்னும் நாலு வாய் விழுங்கிவிட்டு, வயிறு நிரம்பிவிட்டது என்று எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. மூன்று நாள் ஆபீசுக்கு லீவு போட்டுக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். யார் மூலமோ செய்தி கரிவலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதற்கு வேறு அர்த்தம் எடுத்தார்கள். சம்பந்தி போனில் சுருக்கென்று கேட்டார். "எங்க வீட்டுச் சாப்பாட்டுல வெசமா வச்சோம்? பொண்ணு பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. மைதா மேல பழி போடாதீக."

"பொண்ணு பிடிச்சிருக்கு. மைதாதான் பிடிக்கல" என்றேன். வயிற்றைப் பிடித்தபடி சொன்னதால் அது நகைச்சுவையாகப் போய்ச் சேரவில்லை. போனை வைத்துவிட்டார். ஒரு கிழங்கால் கல்யாணம் நின்றது என்று ஊரார் பேசப்போகிறார்கள், அதுவும் சம்பந்தமே இல்லாத கிழங்கு என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன.

மறுநாள் பள்ளி விட்டதும் அந்தப் பெண் தனியாகப் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப்படி ஏறலாமா என்று என் மனைவி பதறினாள். அவளோ பையிலிருந்து ஒரு மைதா பாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்து, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அம்மா, நம்ம வீட்டு பாக்கெட்ட எடுத்துட்டு வா. பின்னால எழுதியிருக்கத வாசி."

"எதுக்குட்டி?"

"வாசிம்மா."

அந்தப் பக்கம் கண்ணாடி தேடும் சத்தம் கேட்டது. பிறகு எழுத்துக்கூட்டி வாசித்த குரல், "சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு" என்று முடிந்து அப்படியே நின்றது. "என்னங்க, இங்கன வாங்க" என்று அந்த அம்மா கூப்பிட, சம்பந்தி வந்து பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "இப்ப மாத்திட்டானுவ போல. அந்தக் காலத்துல கிழங்குதான்" என்றார். மன்னிப்புக்கு இதைவிடப் பக்கத்தில் அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மகனிடம், "உன்னைவிட அவளுக்குத்தான் எம்மேல அக்கறை" என்றேன்.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா ஓயவில்லை. மைதாவுக்குப் பதில் அரிசி மாவு, ரஸ்க்குக்குப் பதில் பொரி. புது கேசரோல் தூக்குச்சட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் குடல் ஒரு குறையும் சொல்லவில்லை. நாக்குதான் சொன்னது. உளுந்து போடாத தோசைமாவில் காய்கறியை ஊறவைத்த ருசி. "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று போன் வந்தபோது, "பிரமாதம் தங்கச்சி" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காக வாராவாரம் தூக்குச்சட்டி வந்தது.

கல்யாணத்தன்று பந்தியின் ஓரத்தில் தனி மேஜை போட்டு, 'குளூட்டன் இல்லாத கேசரோல்' என்று பலகை வைத்திருந்தார்கள். திருவேங்கடத்திலிருந்து வந்த என் சித்தப்பா பலகையை வாசித்துவிட்டு, "இல்லாததுக்கு எதுக்குலே போர்டு?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனார். எல்லோரும் அவர் பின்னாலேயே போனார்கள். சம்பந்தியம்மா பட்டுப்புடவையில், கரண்டியும் கையுமாக, அந்த மேஜைக்குப் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் முறையும் போனேன்.