நாய்க்கு ஸ்பிரே அடிக்கிறவளின்ர சந்தேகங்கள்

நாய்க்குச் சடை வெட்டிச் சீவுற தொழிலில நாயை நம்பலாம், அதைக் கூட்டிக்கொண்டு வாறவையை மட்டும் நம்பேலாது. கடை வைச்சிருக்கிற ஆக்களே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்ர கடை திருகோணமலையில, துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒண்டில இருக்கு. முந்தி மணப்பெண் அலங்காரம் செய்தனான். மாப்பிள்ளை வீட்டு மாமிமாரிட்ட வாங்கின பேச்சுக் காணுமெண்டு நாய்க்கு மாறினனான். இங்கயும் மாமிமார்தான் நாயைக் கொண்டருவினம் எண்டு ஆர் கண்டது?

ஒரே மணம்

கடைக்கு வாற எந்த நாயையும் முதல்ல மணந்து பாப்பன். மனிசருக்கு விக்கிற ஜெல்லும் ஸ்பிரேயும் நாய்க்குக் கூடாது, நக்கிப்போட்டுச் சத்தி எடுக்கும். நான் பாவிக்கிறது நாய்க்கெண்டே வாற, நிறமும் மணமும் இல்லாத ஸ்பிரே. கடற்காத்துக்குச் சடை அமுங்கிப்போன நாய்க்குக் கொஞ்சம் அடிச்சுச் சீவினா மயிர் நிமிந்து நிக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் ஓட்டோ ஓடுற தம்பி ஒருத்தர் தன்ர நாயைக் கொண்டந்தார். உச்சிமயிர் முழுக்க விறைச்சு நேரா நிக்குது. "ஜெல் பூசினீரோ?" எண்டன். "ஐயோ, இல்லை அக்கா!" நாயின்ர தலையை மணந்தன். பிறகு தம்பிக்குக் கிட்டப் போய் நிண்டன். ரெண்டு தலையிலயும் ஒரே மணம். பிடிபட்ட பிறகும் மனிசன் அசையேல்லை. "சத்தியமா நான் பூசேல்லை அக்கா, அது என்ர தலையணையில படுக்கிறது."

முதல்ல உங்கட தலைக்கு

நான் சந்தேகப்பட்டா அது தொழில். என்னைச் சந்தேகப்பட்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். இளைப்பாறின ரீச்சர் ஒராள், பஞ்சு எண்ட தன்ர வெள்ளைச் சடைநாயைக் கொண்டந்தா. அடுத்தநாள் மகளுக்குக் கலியாணம், படத்தில பஞ்சுவும் வடிவா நிக்கோணுமாம். நான் ஸ்பிரே போத்தலை எடுத்ததுதான் தாமதம், நாயைத் தூக்கி மடியில வைச்சுக்கொண்டு கதிரையால எழும்பமாட்டன் எண்டுட்டா. என்ர தலைக்கு அடிச்சுக் காட்டோணுமாம்.

அடிச்சனான். வேற என்ன செய்ய? என்ர தலைமயிர் நாய்ச்சடை மாதிரி எழும்பி நிண்டுது. ரீச்சர் என்ர கண், மூக்கு, காது எல்லாத்தையும் சோதனை வினாத்தாள் திருத்துற மாதிரிப் பாத்துப்போட்டுத்தான் பஞ்சுவை இறக்கினா. "சரி பிள்ளை, உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. கொஞ்சமா அடியுங்கோ."

போத்தலைக் காட்டுங்கோ

கலியாணம் முடிஞ்ச அடுத்தநாள் எங்கட பகுதி வட்ஸ்அப் குறூப்பில பஞ்சுவின்ர படம் வந்துது. காதுக்குப் பின்னால சிவந்து தடிச்சிருந்தது. கீழ ரீச்சர் எழுதியிருந்தா: நாய் வைச்சிருக்கிறவை இந்தக் கடை ஸ்பிரேக்குக் கவனம். பின்னேரத்துக்குள்ள வாறம் எண்டவை எல்லாம் வரேல்லை எண்டிட்டினம். கடையைப் பூட்டவேண்டி வருமோ எண்டு கணக்குக் கொப்பியை எடுத்துப் பாத்தன். வங்கிக் கடன் எடுத்துப் போட்ட கடை. மனிசர் ஒருக்காச் சந்தேகப்பட்டா முடிஞ்சுது.

எதிர்க்கடையில தையல்மெஷின் வைச்சிருக்கிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா எண்டு கூப்பிடுறவர், நல்ல மனிசன். நாயின்ர ஈரம் பட்டாத் தொழுகைக்கு ஆகாதெண்டு, நாய் ஈரமா நிக்கேக்க ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் நிண்டுதான் கதைப்பார், ஆனா ஒவ்வொருநாளும் கதைப்பார். அண்டைக்கும் அங்க நிண்டு ஆறுதல் சொன்னார். "தங்கச்சி, நான் உங்களைச் சந்தேகப்படேல்லை. எண்டாலும் அந்தப் போத்தலை ஒருக்காக் காட்டுங்கோ."

பரம்பரைக் கறுப்பு

ரீச்சருக்கு ஃபோன் எடுத்து, நாயைக் கொண்டாங்கோ எண்டு கத்தினன். மிருக வைத்தியரிட்டக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு வந்தா, புருசனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு. பஞ்சுவின்ர காதுக்குப் பின்னால சடையை விலக்கினன். தோலிலயும் மயிரடியிலயும் கறுப்பா ஒரு பொட்டு. மணந்தன். தலைக்கு அடிக்கிற டை! எத்தினை மணப்பெண்ணுக்கு அடிச்ச கை இது, எனக்குத் தெரியாத மணமோ?

"ரீச்சர், என்ர ஸ்பிரேக்கு நிறமே இல்லை. உங்கட வீட்டில ஆர் டை அடிக்கிறது?" எண்டு கேட்டன். ரீச்சரின்ர மனிசனை அப்பதான் வடிவாப் பாத்தன். பேரப்பிள்ளை காணுற வயசு, தலை மையிருட்டாக் கிடக்கு. பஞ்சு காதைச் சொறிய, அவர் பிடரியைச் சொறிஞ்சுகொண்டு சுவர்க் கலண்டரை வாசிச்சார். ரீச்சர் என்னை முறைச்சா. "எங்கட வீட்டில ஆரும் டை அடிக்கிறேல்லை. இவைக்குப் பரம்பரையாவே நரைக்காது."

ஆரின்ர காது

அடுத்தநாள் விடியக் கடை திறக்க முதல் வாசல்ல நிக்கிறார் ரீச்சரின்ர மனிசன். தனிய, தொப்பியோட. கலியாணத்துக்கெண்டு புது டை வாங்கினவராம். முதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசிப் பாருங்கோ எண்டு பெட்டியில போட்டிருந்ததாம். தன்ர காதில பூசப் பயம். நான் சீவி விட்ட அண்டு பின்னேரமே பஞ்சுவின்ர காதில பூசியிருக்கிறார். விடிய நாய்க்கு ஒண்டுமில்லை எண்டோன்ன தன்ர தலைக்கும் அடிச்சிட்டார்!

"ஐயா, வாயில்லாச் சீவனில பாத்தனீங்களோ? என்ர பிழைப்பும் போகுது. குறூப்பில உண்மையைச் சொல்லுங்கோ" எண்டு ஏசினன். சம்பந்தி வீட்டுக்காரரும் அந்தக் குறூப்பில இருக்கினமாம், தலை விசயம் அவையளுக்குத் தெரியவே கூடாதாம். பாவமாவும் இருந்தது, விசராவும் இருந்தது. அவர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார், "ஆரின்ர காதெண்டு பெட்டியில போடேல்லைத்தானே, பிள்ளை."

குரல்பதிவு

மத்தியானம் குறூப்பில அவற்ற குரல். கையில இருந்த சீப்பை வைச்சிட்டு அமத்திக் கேட்டன். "எல்லாருக்கும் வணக்கம். பஞ்சுவுக்குக் காதுக்குப் பின்னால கொஞ்சம் நரை விழுந்திருந்தது. கலியாணப் படத்துக்கு வடிவா இருக்கட்டுமெண்டு நான்தான் டை அடிச்சனான். கடைக்காரப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

என்ர நிறமில்லாத ஸ்பிரேயை நம்பாத ஊர், உச்சி தொடக்கம் வால் வரைக்கும் வெள்ளையான நாய்க்கு நரை விழுந்த கதையை ஒரு கேள்வி கேளாமல் நம்பிச்சுது.