அப்பாவுக்குப் போட்ட சைபர்

வேலை கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுபதுகளின் தொடக்கம். பியூசி முடித்துவிட்டு, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் நான். தர்மபுரி ஆபீஸ் ஒன்றில் ஒரு மாதத்துக்குக் கணக்கெடுக்கும் வேலை. கல்யாணமான பெண்களிடம் வீடு வீடாகப் போய், அவர்களுடைய நெருங்கிய சொந்தங்கள் எவ்வளவு ஆதரவாக இருக்கிறார்கள் என்று கேட்டு மார்க் போட வேண்டும். கஷ்டம் வந்தால் கூட நிற்பாரா, மனசு விட்டுப் பேசலாமா, உடம்புக்கு முடியாவிட்டால் பார்ப்பாரா. சுத்தமாக இல்லையென்றால் சைபர், முழுசாக உண்டென்றால் நாலு. அன்பை அளந்துவா என்று கையில் ஒரு படியைக் கொடுத்து அனுப்பியது போலத்தான்.

பழகுவதற்காக முதல் படிவத்தை எனக்கே நிரப்பச் சொன்னார் அதிகாரி. அப்பாவுக்கு எதிரே பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. சைபர். "ஒரு மாசம் பாப்பேன். வேல நெலைக்கலைன்னா தையில ஏரியூர் மாப்பிள்ளதான்" என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார். ஏரியூர் மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எங்கள் எருமையைச் சுற்றிச் சுற்றி வந்து, "எவ்வளவு கறக்குதுங்க?" என்றார். அந்த எருமையையே கட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கு ஆத்திரம்.

முதல் வீட்டிலேயே வினை ஆரம்பித்தது. வந்தவளோடு மருமகளைத் தனியே விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லையாம். மாமியார், நாத்தனார், புருஷன், பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "மாமியார் ஆதரவா இருக்காங்களா?" என்று கேட்டேன். மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியாரே, "நாலு போடும்மா. அவளுக்கென்ன கொறச்சல்?" என்றார். "அப்ப எனக்கும் நாலு" என்றாள் நாத்தனார். பக்கத்து வீட்டுக்காரியோ, "போன மழைக்கு இவ வூட்டுக் கொடியில கெடந்த துணியெல்லாம் நாந்தான் எடுத்து வெச்சேன், என்னைய வுட்டுட்டீங்களே" என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்குப் படிவத்தில் இடமே இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

நாற்பது வீடு, நாற்பது காப்பி, அத்தனையும் நாலு. நடந்து நடந்து செருப்பு வார் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் காலையில் பார்த்தால் தைத்து வைத்திருக்கும். அம்மா யாரிடமோ கொடுத்துத் தைத்திருப்பாள் என்று நினைத்து, கேட்காமலே மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அதிகாரி படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, எந்தப் புளியமரத்தடியில உக்காந்து எழுதுன?"

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அதே பெண்களைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, புளியமரத்தடி என்று அவர் கேட்டதைச் சொல்லி அழுதேன். அப்பா மோரை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார். சைபர் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் இல்லாத இடம் எது? கடலைக்காடு. அறுவடை நேரம், மருமகள்கள் எல்லாம் வரிசையாகக் குந்திச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு கூடவே பிடுங்கினேன். வாயைத் திறந்தேனோ இல்லையோ, காடே கொல்லென்று சிரித்தது. "எம் மாமியாருக்குச் சைபருங்க." "எம் புருசனுக்கும் அதேதான்." "சைபருக்குக் கீழ ஏதாச்சும் இருக்குதாங்க? எம் மாமியாரு அதுலகூட நிக்க மாட்டாங்க!" போட்டி போட்டுக்கொண்டு சைபர் போட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. வேலை போகப் போகிறதே என்ற நினைப்பே இல்லை.

அப்போது வரப்பில் ஒரு மாமியார் வந்தார். சைபருக்குக் கீழே நின்ற அதே மாமியார். கையில் தூக்குப்போசி. மருமகளுக்கு நாலு மாசம். "வெறும் வயித்தோட வெயில்ல குந்திக்கிட்டு இளிப்பு வேறயா? களி ஆறிப்போவுது, தின்னு தொலை!" என்று போசியை மடியில் வைத்துவிட்டு, அவள் பிடுங்க வேண்டிய வரிசையில் தானே உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தார். எல்லாத் தலையும் செடிக்குள் குனிந்துகொண்டது. மருமகள் களியை விழுங்கிக்கொண்டே என் காதில், "அக்கா, ஒரு ஒண்ணரை போட்டுக்குங்க" என்றாள். படிவத்தில் ஒண்ணரை கிடையாது. ஆனாலும் போட்டேன்.

கெடு நாளன்று செருப்பு இனித் தைக்கவே முடியாத நிலைக்கு வந்துவிட்டதால், அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இரண்டு கட்டையும் பார்த்த அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது.

"வூட்ல நாலு, காட்டுல சைபரு. இதுல எது பொய்?"

"ரெண்டுமே நெசந்தாங்க சார்."

"நீ வூடு வூடாப் போனங்கறதே எனக்கு நம்பிக்கை இல்ல."

"வூடு வூடாத்தான் போச்சுதுங்க எம் பொண்ணு" என்று வாசலில் ஒரு குரல். அப்பா! அடுத்த பஸ்சைப் பிடித்து வந்திருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து என் பழைய செருப்பை எடுத்து, கவர்மெண்டு மேஜை என்றும் பார்க்காமல் பைல்களின் மேல் வைத்தார்.

"அடியப் பாருங்க சார். புளியமரத்தடியில உக்காந்தா இப்படித் தேயுமா? மூணு வாட்டி நானே கோணி ஊசில தெச்சங்க."

அம்மா என்றல்லவா நினைத்திருந்தேன்! அதிகாரி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர், கட்டின் அடியிலிருந்து என் சொந்தப் படிவத்தை உருவினார்.

"இவரு ஒங்கப்பாதான? சைபருன்னு போட்டிருக்கியேம்மா."

அப்பா எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் சைபர் எல்லாருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரை அப்பா முன்னால் நடந்தார், நான் பின்னால். சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. பஸ்சில் உட்கார்ந்த பிறகுதான், "இனிமே ஏரியூர்க்காரங்களுக்கு என்னப்பா சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"நீ அழுதியே, அதுக்கு மறுநாளே போயி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒண்ணாச்சும் போட்டிருக்கலாம்" என்றார்.