குளத்தின் தரையை அளந்தவர்

ஓவர்சீயர் சண்முகவேலு மதுரையில் காலமான செய்தி தபால் கார்டில் தென்காசிக்கு வந்தபோது, பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. மராமத்து ஆபீஸில் அவரோடு ஒன்பது வருஷம் படம் வரைபவனாக இருந்தவன் நான். இலத்தூர்ப் பக்கத்துப் பெரிய குளத்தால் அவருக்கு நேர்ந்ததை, அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

ஓர் ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஓயாமல் வீசிற்று. கிழக்குக் கரையில் அளவுக்கோடு வெட்டிய மடைக்கல்லில் தண்ணீர் நாலு விரல் ஏறியதைப் பார்த்து விவசாயிகள் மகிழ்ந்தார்கள். "வரத்து இல்ல அண்ணாச்சி. காத்துதான் தண்ணிய இங்கன தள்ளுது. மேக்க போய்ப் பாருங்க, தரை தெரியும்" என்றார் சண்முகவேலு. காற்று நின்றதும் நாலு விரலும் இறங்கியது. அவர் வாய் வைத்ததால் இறங்கியது என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு பனைமரத் தோணியில் நானும் அவருமாகப் போய், மூங்கில் கம்பு ஊன்றிக் குளம் முழுக்க ஆழம் பார்த்தோம். மலையில் மரம் வெட்ட வெட்ட, மழைத்தண்ணீரோடு மண்ணும் இறங்கி வந்திருந்தது. "கல்லுல கோடு மாறலவே. கீழ தரைல்லா ஏறுது" என்றார். ஆழங்களை நான் படமாக வரைந்தேன். தூர் எடுக்கச் சொல்லி மூன்று முறை மேலே எழுதினார். உலகச் சண்டை நடந்த காலம், பதில் வரவில்லை.

அந்த ஐப்பசியில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. பாதி வயலில் மட்டும் நடும்படி கரையில் நின்று கெஞ்சினார். "கோடு முங்கி நிக்கி. பத்தாதுன்னு சொல்லுதீரே" என்று சிரித்தார் அந்தக் குளத்துப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த கரைக்காரர் ஒருவர். எல்லா வயலிலும் நட்டார்கள். தை மாதம், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், குளம் வற்றிப் பயிர் கருகியது.

கீழூருக்கு மடையைத் திறந்துவிட்டார் என்று அவர்மேல் மனுப் போனது. விசாரிக்க வந்த அதிகாரி என்னை அழைத்து, நான் வரைந்த படத்தைக் காட்டி, "இந்த ஆழமெல்லாம் நிஜமா அளந்ததுதானா?" என்று கேட்டார். வாசலில் கரைக்காரர்கள் நின்றார்கள். என் மாமனாரும் அவர்களில் ஒருவர்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. அவரு சொன்னத வரைஞ்சேன்" என்றேன்.

அவரை மாற்றிவிட்டார்கள். ரயிலடிக்குப் போனேன். "நீரும் பிள்ளகுட்டிக்காரரு, விடும்" என்றார். வண்டி நகரும்போது, "வாற வருசமாவது பாதி நடச் சொல்லும்வே" என்றார்.

நான் சொல்லவில்லை. மறு வருஷமும் கருகியது. தூர் இன்றுவரை எடுக்கவில்லை. அவர் என்னிடம் ஒப்படைத்துப் போனது அந்த ஒரு வார்த்தைதான். அதை இன்னும் கரைக்காரர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.