முகம் வரைய மறுத்த போலந்துக்காரர்

எங்கள் அறையில் மூன்று கட்டில்கள். ஒன்றில் நான், ஒன்றில் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் கடையைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு அண்ணை, மூன்றாவதில் போலந்து ஓவியர் ஒருவர். டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வரும் சிறிய நகரம் அது. பழைய பள்ளிக்கூடமொன்றை அகதிகள் விடுதியாக்கி, யாரை யாரோடு போடுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், வந்த வரிசையிலேயே ஆட்களை அடைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. எல்லையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகவும் அனுமதி இல்லை. அந்த வருடங்களில் நான் முழுநேரமாகச் செய்த ஒரே உத்தியோகம் அந்த மனிதரோடு மல்லுக்கட்டியதுதான்.

முதல் பிரச்சினை நாற்றம். டர்பன்டைனும் எண்ணெயும் கலந்து அறை முழுக்க அப்பிக்கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் தலையிடி. என்னுடைய தேத்தண்ணிக் கோப்பையில்தான் தூரிகைகளை ஊறப்போடுவார். கேட்டால் "கழுவிவிட்டேன்" என்பார். நாங்கள் எங்கள் பங்குக்குச் செத்தல் மிளகாய் வறுப்போம். அவர் தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போர் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்" என்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும். அவருடையதையும் என்னுடையதையும் சேர்த்தாலும் ஒரு முழு ஜெர்மன் தேறாது. அதிலேயே தினமும் சண்டை பிடித்தோம்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பலகை. யாரோ வீதியில் எறிந்த அலுமாரியின் கதவு. அதில் எங்கள் எனாமல் கேத்திலை வரைவார். வரைகிற வரைக்கும் கேத்திலைத் தொடக்கூடாது, திருப்பக்கூடாது, அதில் தண்ணீர் சுடவைக்கக்கூடாது. வாரக்கணக்கில் நாங்கள் சட்டியில் தேத்தண்ணி போட்டோம். ஒருநாள் படம் முடிந்து, எனக்கே கை நீட்டிப் பிடியைத் தூக்கலாம் போல இருக்கும். அதைச் சொன்ன மறுநாள் கத்தியை எடுத்து முழுவதையும் சுரண்டிவிட்டு, அதே கதவில் அதே கேத்திலை மறுபடியும் தொடங்குவார். இவரை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அதற்கும் டெர்மின், அதாவது முன்கூட்டியே நாளும் நேரமும், எடுக்க வேண்டுமாம்.

கேத்தில், உருளைக்கிழங்கு, கதவுப்பிடி, என் சப்பாத்து, எல்லாம் வரைவார். மனித முகம் மட்டும் வரையமாட்டார். அதற்கான காரணத்தைத் துண்டு துண்டாக, நான் வெங்காயம் உரிக்கும்போதும் ஷேவ் எடுக்கும்போதும், கேட்காமலேயே சொல்லி முடித்தார். போர்க்காலத்தில், இளம் வயதில், அவரைப் பிடித்து இதே ஜெர்மனிக்குப் பண்ணை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அவருக்குப் படம் வரையத் தெரியும் என்று மேலாளன் கண்டுபிடித்தான். அதன்பிறகு சீருடைக்காரர்கள் வரிசையில் வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு முகத்துக்கு ஒரு துண்டு ரொட்டி. போர் முடிந்து ஊருக்குத் திரும்பினால், சமாதான காலத்தில் மே தின ஊர்வலத்துக்குத் தலைவர்களின் முகங்களைக் கேட்டார்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு கன்னம். அந்தத் தலைவர் கவிழ்ந்தால் அதே துணியில் வெள்ளையடித்து அடுத்தவரை வரையவேண்டும். பிறகு ராணுவச் சட்டம் வந்தது. மறுபடியும் முகங்களைக் கேட்பார்கள் என்று பயந்து, தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே வந்து அகதியாக விண்ணப்பித்திருக்கிறார். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அப்பா இறந்த செய்தி வந்தது. மச்சான் கொழும்புக்கு வந்து, விடுதிக் கந்தோருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். செத்து ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. நான் ஒரே மகன். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் பெடியன். போனால் என் அகதி வழக்கு முடிந்தது, திரும்பி வர ஏலாது. எனக்கென்று மிச்சம் இருந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு மட்டும்தான். அதையாவது இங்கே செய்துவிடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"ஐயர் இல்லாட்டிப் பரவாயில்லை, தேவாரம் நான் படிப்பன்," என்றார் அண்ணை. "ஆனா படம் இல்லாமல் ஏலாது, தம்பி. ஆருக்கு முன்னால படைக்கிறது?"

படத்துக்கு எங்கே போவேன்? பயணம் அனுப்பிய ஏஜென்சிக்காரன், படமோ கடிதமோ எதுவும் கொண்டுபோகக்கூடாது என்று என் பர்ஸைத் தானே உதறிப் பார்த்துத்தான் விமானம் ஏற்றினான். ஊரிலிருந்து தபால் வந்தால் வந்தது, வராவிட்டால் கேட்க ஆளில்லை. அறையிலோ ஒரு ஓவியர் சும்மா குந்திக்கொண்டு கேத்தில் வரைகிறார். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"முகம் இல்லை," என்றார், தலையைக்கூடத் திருப்பாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன்னை அடித்தவன்களுக்கெல்லாம் முகம் வரைந்தாய். என்னுடைய அப்பாவுக்கு ஏலாதா?" என்று கத்தினேன். அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"தம்பி, அந்தாளின்ரை புண்ணிலை ஏன் கையை விடுறீர்?" என்றார் அண்ணை. அடுத்த நாள் முழுவதும் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக்கிடந்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் அவராகவே கரித்துண்டோடு என் கட்டிலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "சொல்."

சொன்னேன். நல்ல முகம். மீசை இருக்கும். நெற்றியில் திருநீறு. "மூக்கு?" சாதாரண மூக்கு. "கண்?" எல்லோருக்கும் இருக்கிற கண்தான். அவர் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, "பொலிஸ் தேடுகிற ஆளைக்கூட இதைவிட நன்றாகச் சொல்வார்கள்," என்றார். எனக்கு அவரில் வந்த கோபத்தைவிட என்னில் வந்த கோபம் பெரிது. பெற்ற தகப்பனின் மூக்கைச் சொல்லத் தெரியாமல் ஒரு மகன்!

"சரி, அவரை எங்கே அதிகம் பார்த்தாய்?"

சைக்கிளில், என்றேன். தபால் கந்தோருக்குப் போகிற வழியில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். நான் பின்னால் கரியரில். குடையின் வளைந்த பிடியைச் சட்டைக் கொலரில் பின்பக்கமாகக் கொளுவியிருப்பார். அது ஆடி ஆடி என் மூக்கில் இடிக்கும். வியர்வை தோள்பட்டைகளுக்கு நடுவில் தொடங்கிக் கீழே இறங்கும். இடது காதுக்குப் பின்னால் பயறு அளவில் ஒரு மறு. குறுக்கே யாராவது வந்தால் மணி அடிக்கமாட்டார், இருமுவார். ஏற்றத்தில் வலது குதிக்கால் செருப்பைவிட்டு எழும்பும். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவர் ஒன்றும் வரையவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு கத்தியை எடுத்துக் கேத்திலைச் சுரண்டத் தொடங்கினார்.

வேலை நடந்த நாட்களில் பலகையைச் சுவருக்குத் திருப்பித் துவாயால் மூடிவைப்பார். எட்டிப் பார்க்க விடமாட்டார். சடங்கன்று காலையில்தான் துவாயை எடுத்தார். முதுகு. சைக்கிளில் போகிற ஒரு மனிதரின் முதுகு.

"முகம் எங்கே?"

"உன்னிடம் இல்லை. என்னிடம் எப்படி இருக்கும்?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்தியேட்டிக்கு முதுகை வைத்துக் கும்பிட்ட குடும்பம் யாழ்ப்பாணத்தில் எங்காவது உண்டா? ஆனால் சோறும் கறியும் ஆகிவிட்டது, கார்னேஷன் பூவில் மாலையும் கட்டியாயிற்று. வேறு வழியில்லை. படத்தை மேசையில் சாத்திவைத்தோம். படமென்றால் பொட்டு வைக்கவேண்டும் என்று அண்ணை சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து, நெற்றியைத் தேடினார். கிடைக்காமல், கடைசியில் பிடரியில் வைத்தார். ஈரம் காயாத படம். விரலோடு அப்பாவின் பிடரியில் பாதி கழன்று வந்துவிட்டது. ஓவியர் போலந்து மொழியில் ஏதோ அலறிக்கொண்டு ஓடிவந்து, தன் பெருவிரலால் தடவிச் சரிசெய்தார். சந்தனமும் அதற்குள்ளேயே போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணையை அடிக்கலாம் போலத்தான் வந்தது.

விளக்கைக் கொளுத்தி, அண்ணை தேவாரம் தொடங்கினார். நான் கையைக் கூப்பிக்கொண்டு அப்போதுதான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். குடை சரியாகக் கொலரில் தொங்கியது. மறு இருந்தது. வலது குதிக்கால் செருப்பைவிட்டு எழும்பியிருந்தது. சைக்கிள் கொஞ்சத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கரியரில் யாரும் இல்லை.

தேவாரம் நடக்கும்போதே திரும்பி, "நான் எங்கே?" என்று அவரிடம் சீறினேன். "நான் கரியரில் இருந்தேன் என்று எத்தனை தரம் சொன்னேன்? கரியரில் இருக்கிறவனுக்குக் கரியர் எப்படித் தெரியும்?"

அவர் தலைகுனிந்து நின்றார். என்னைப் பார்க்காமலேயே மெல்லச் சொன்னார்: "நீ இறங்கிவிட்டாய்."

செய்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், குழந்தையைப்போல ஓவென்று அழுதேன். அண்ணை தேவாரத்தை நிறுத்தாமல், ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாவி மனுசன்! பேசாமல் ஏதோ ஒரு முகத்தை வரைந்து தந்திருந்தால், கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பேன்.