கருத்தம்மா கேட்ட காட்சி

கருத்தம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. காலையில் போடியில் ஜீப் ஏறி, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிற வேலையை முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிறார். நெற்றியில் குங்குமம் இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது. ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டிலும் ஆரத்தித் தட்டை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். சொந்த மகள் ரோஜாவின் கல்யாணத்திலேயே கொடுக்கவில்லை.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவருடைய கணவர் பால்பாண்டி மலையேறினார். இறங்கவில்லை. ஒரு மூட்டைக் காயைத் திருடிக்கொண்டு கேரளாப் பக்கம் ஓடிவிட்டார் என்று தோட்டத்தில் சொன்னார்கள். அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவதாகக் கண்ணால் பார்த்ததுபோலவே சிலர் பேசினார்கள். கருத்தம்மா எதையும் நம்பவில்லை. நம்பாமல் இருந்து என்ன செய்வது? செத்துப்போனார் என்றால் வருடத்துக்கு ஒருமுறை இலை போட்டுச் சோறு வைக்க வேண்டும். அதற்குச் செத்த நாள் தெரிய வேண்டும்.

“ஆளு இல்லேன்னு மனசுக்குத் தெரியும், தாயி. எந்த நாளுன்னு மனசுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார்.

அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் தாய்மாமா ஆரிப். மாமா போடியில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். மிச்ச நேரத்தில், மதுரையில் அச்சான ஒரு மாத இதழுக்குப் படக்கதை வரைந்தார். அதில் வந்தவன்தான் கம்பளிக்காரன். கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருப்பான், முகம் தெரியாது. ஏலக்காய் திருடுகிறவர்களைப் பிடிப்பான். பிடித்த பிறகு என்ன செய்தான் என்பதை மாமா வரைந்ததே இல்லை. ஒரு கட்டத்தில் கை ஓங்கியிருக்கும். அடுத்த கட்டத்தில் மரத்தடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கும். சின்ன வயதில் அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

மாமா இறந்து எட்டு வருடமாகிறது. போன கார்த்திகையில் சென்னையிலிருந்து விஜயகுமார் என்ற இயக்குநர் கம்பளிக்காரனைப் படமாக்க வந்தார். நான் நான்கு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பழைய இதழ்களெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தன. இதழ்களோடு சேர்த்து என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மலையில் வேலை செய்கிற பெண்களைக் கூட்டக் காட்சிக்கு அழைத்து வர வேண்டும், ஒத்திகைகளைப் போனில் படம் பிடிக்க வேண்டும். கருத்தம்மாவும் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

படத்தில் கம்பளிக்காரன் கதாநாயகன் ஆகியிருந்தான்.

“புத்தகத்தில அவன் கெட்டவன், சார்,” என்றேன்.

“கெட்டவன்தாம்மா. ஆனா ஏன் கெட்டவன் ஆனான்? அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. திருடனுங்க அவளைக் கொன்னுட்டாங்க. இப்ப அவன் வெட்டினா ஜனங்க கை தட்டுவாங்க.”

“மாமா தங்கச்சி யாரையும் வரையலையே.”

“அவருக்குத் தோணலை. எனக்குத் தோணுச்சு.”

கருத்தம்மா வேலை செய்கிற, பால்பாண்டி காணாமல் போன அதே தோட்டத்தில்தான் படப்பிடிப்பு. முதல் வாரம் முழுக்க வெட்டுதான். குழாயில் மழையை வரவழைத்து, கம்பளிக்காரன் பன்னிரண்டு பேரைச் சாய்த்தான். சிவப்புச் சாயம் வாளி வாளியாகக் கரைந்து ஓடையில் போயிற்று. கூட்டத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“தக்காளிச் சட்னிய இப்படியாடி வீணாக்குவாக?” என்றாள் செல்லத்தாய்.

அவள் கருத்தம்மாவோடு ஒரே ஜீப்பில் வேலைக்குப் போகிறவள். அத்தனை ரத்தத்தைப் பார்த்தும் அங்கே யாருக்கும் பயம் வரவில்லை. மாமா ஒரு சொட்டு ரத்தம்கூட வரைந்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டோடு கருத்தம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கடைசிப் புத்தகத்துல, ஸ்டோருக்குள்ள வச்சு அடைக்கிற கதை ஒண்ணு இருக்குல்ல? அதை எடுப்பாகளா?”

ஸ்டோர் என்று மலையில் சொல்வது, பச்சை ஏலக்காயை உலர்த்துகிற அறையை. அடுப்பு வெளியே இருக்கும். அதில் விறகைத் தள்ளினால் அறைக்குள் ஓடுகிற பெரிய இரும்புக் குழாய் சூடேறும். தட்டுகளில் பரப்பிய காய் அந்தச் சூட்டில் கலகலவென்று காய்ந்துவிடும். மாமாவின் கதையில் கம்பளிக்காரன் ஒருவனை அதற்குள் தள்ளித் தாழ் போடுவான். மழை கொட்டும். கடைசிக் கட்டத்தில் கூரைக்கு மேலே புகை போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

“அந்தக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும், பெரியம்மா?”

“படிக்கத் தெரியாது. படம் பாக்கத் தெரியுமில்ல? ரோஜா பள்ளிக்கூடத்துலருந்து கொண்டாந்தா. உள்ள தள்ளுறானே ஒரு ஆளு, அவன் துண்டைப் பாத்திருக்கியா? கழுத்துக்குப் பின்னாடி முடிஞ்சிருப்பான். காயெடுக்கக் குனியும்போது விழக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான் அப்படி முடிஞ்சுக்கிடுவாக.”

அப்போதே மாமாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். “டீக்கடையில ஜீப்புக்காரங்க பேசுனதை வரைஞ்சேன், தங்கச்சி. யாரு சொன்னதுன்னு மட்டும் கேக்காத,” என்று மாமா சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு மாமா கம்பளிக்காரனை வரையவே இல்லை. ஏன் நிறுத்தினார் என்று வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

“புத்தகத்துல இருக்கிறபடியே எடுக்கச் சொல்லு, தாயி. ஒண்ணையும் மாத்தக் கூடாது.”

“எதுக்கு, பெரியம்மா?”

கருத்தம்மா சோற்றுக் கையாலேயே எதிரே காட்டினார். இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைத்துரைக்கு எழுபது வயது இருக்கும். இதே தோட்டத்தில் இருபது வருடம் காவல் பார்த்தவர். ஸ்டோர் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. கம்பளிக்காரன் என்றால் அவர்தான் என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகங்களை வாங்கி வைத்திருந்தார். படப்பிடிப்பு தொடங்கிய மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலே தன் அண்ணன் மகன் ஜீப்பில் வந்து இறங்கினார். வந்ததிலிருந்து திருத்திக்கொண்டே இருந்தார். கம்பளியை இந்தத் தோளில் போடக் கூடாது, சாக்கின் வாயை அப்படிக் கட்டக் கூடாது, காவல்காரன் டார்ச்சை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க மாட்டான். விஜயகுமாருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

“அந்த ஆளால தப்பைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது,” என்றார் கருத்தம்மா. “தட்டுல காயி ஒண்ணு மேல ஒண்ணு கெடந்தா, பத்துப் பொம்பளைய வரிசையா நிக்க வச்சு வைவாரு. ஆரிப்பு அண்ணே வரைஞ்சது தப்புன்னா திருத்துவாரு பாரு. திருத்தணும்னா உள்ளதத்தானே சொல்லியாகணும்?”

நான் விஜயகுமாரிடம் போய்ப் பேசினேன். ஒரு காட்சியாவது மாமா வரைந்தபடியே இருந்தால் பழைய வாசகர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள் என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். “கதவு, மழை, புகை. நல்லாத்தான் இருக்கு. தங்கச்சியை அடுத்த சீன்ல வச்சுக்கிறேன்,” என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்குப் பழைய ஸ்டோருக்கு முன்னால் ஒத்திகை. மேகம் மலை முகட்டிலிருந்து இறங்கி ஏலச்செடிகளுக்குள் நின்றது. கருத்தம்மா கூட்டத்தில் முன்வரிசையில் நின்றுகொண்டார். அதற்கு முன்னால் என்னிடம் வந்து, “போன்ல எடுக்கிறேல்ல? என்ன நடந்தாலும் நிறுத்தாத,” என்றார்.

நடிகர் கம்பளியோடு வந்தார். துண்டு முடிந்த ஆளைப் பிடித்துத் தள்ளினார், கதவைச் சாத்தித் தாழ் போட்டார். குழாயிலிருந்து மழை கொட்டியது. அடுப்பில் ஒருவர் விறகை அள்ளிப் போட்டார். நான் போனை வெள்ளைத்துரை பக்கம் திருப்பினேன். அவர் எதையும் திருத்தவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் தரையைக் கீறிக்கொண்டிருந்தது.

“சரி, டேக் போயிடலாம்,” என்றார் விஜயகுமார்.

கருத்தம்மா எல்லோருக்கும் கேட்கும்படி செல்லத்தாயிடம் சொன்னார்: “ஆரிப்பு அண்ணே கெட்டிக்காரருடி. பக்கத்துல நின்னு பாத்தவுக மாதிரி அப்படியே வரைஞ்சிருக்காக.”

“எவன் பாத்தான்?” வெள்ளைத்துரை எழுந்துவிட்டார். “போர்டு எழுதுறவனுக்கு ஸ்டோரைப் பத்தி என்ன தெரியும்? இந்தக் கதவுக்கு வெளித்தாழே கெடையாது. கட்டையத்தான் முட்டுக் கொடுக்கணும்.”

“அண்ணே, செஞ்சு காட்டுங்கண்ணே,” என்றார் விஜயகுமார் ஆசையாக.

வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு விறகுக் கட்டையைத் தூக்கினார். அதன் ஒரு நுனியைக் கதவின் குறுக்குச் சட்டத்தில் வைத்து, மறு நுனியைக் காலால் உதைத்து மண்ணில் இறுக்கினார். எழுபது வயது ஆளின் உதை மாதிரி இல்லை. பிறகு அடுப்புப் பக்கம் போனார்.

“இப்படியா விறகப் போடுறது? அள்ளிப் போட்டாச் சூடு ஒடனே ஏறிரும், உள்ள கெடக்கவன் கத்துவான். ஈர விறகு போடணும். ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. மெல்ல ஏறுனா, கத்தணும்னு தோணுறப்போ தொண்டை இருக்காது.”

பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. குழாய் பிடித்திருந்தவரைப் பார்த்துக் கையை வீசினார்.

“மொதல்ல அந்த மழைய நிறுத்துப்பா! தைப்பூசத்துக்கு மறுநா காலையில கதவத் தொறந்தப்போ வானத்துல பொட்டு மேகம் இல்ல.”

மழை நின்றது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“யாரு தொறந்தது, அண்ணே?” என்று கேட்டார் கருத்தம்மா.

வெள்ளைத்துரை திரும்பினார். கேட்டது பால்பாண்டியின் மனைவி என்று கண்டுகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுகொண்டதும் முகம் மாறியது.

“படத்துக்குச் சொன்னேன்த்தா.”

“படத்துக்கே இருக்கட்டும். அவுக பூசத்துக்கு ரெண்டு நா முன்னாடி மேல ஏறுனாக. மூணு நா உள்ள கெடந்தாகளா?”

வெள்ளைத்துரை மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

“மூணு நாளும் நீங்கதான் விறகு போட்டீகளா?”

“கதைடி அது! கிறுக்கு பிடிச்சவளே, கதை!”

“சரி, கதை. கதையில பொணத்தை எங்க போட்டாக? அதையும் படத்துக்கே சொல்லிருங்க.”

வெள்ளைத்துரையின் பார்வை ஒரு நொடி ஸ்டோருக்குக் கீழே சரிவுக்குப் போயிற்று. அங்கே ஒரு பலாமரத்தடியில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றன. உடனே பார்வையை இழுத்துக்கொண்டார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். கருத்தம்மா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

“அண்ணே, பிச்சுட்டீங்க! அந்தம்மாவும் பிரமாதம்,” என்று விஜயகுமார் கை தட்டினார். அவர் ஒருவர் மட்டும்தான் தட்டினார்.

வெள்ளைத்துரை என் முன்னால் வந்து கையை நீட்டினார். “பாப்பா, அந்தப் போனக் கொண்டா.”

என் விரல்கள் போனை விடவில்லை. செல்லத்தாய் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “கம்பெனி போனுண்ணே. வேணும்னா டைரக்டரைக் கேளுங்க.” அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். வெள்ளைத்துரை நீட்டிய கையை மடக்கவே இல்லை. சிரித்தார். “இருக்கட்டும். எங்க போயிரப் போற? எறங்குறதுக்கு ஒரு ரோடுதான இருக்கு,” என்றார்.

அன்று நானும் அந்தப் பெண்களுமாகப் பதினோரு பேரும் ஒரே ஜீப்பில் நெருக்கிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் கருத்தம்மாவும் நானும் போலீசில் புகார் கொடுத்தோம். ஒத்திகைப் பதிவையும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைத்துரையைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சினிமாக்காரர்களுக்குக் கதை சொன்னேன் என்றாராம். பலாமரத்தடியைத் தோண்ட உத்தரவு வர வேண்டும். இன்னும் வரவில்லை. விஜயகுமார் அந்தக் காட்சியை மழையோடுதான் எடுத்தார். பிறகு, ரத்தமே இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்று அவரே அதை வெட்டிவிட்டார். படத்தின் முதல் போஸ்டர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் கம்பளிக்காரன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முகம் நன்றாகவே தெரிகிறது.

மாமா வரைந்ததில் மழை தப்பு, தாழ் தப்பு. மிச்சத்தை அவர் வரையவே இல்லை.

இப்போது எந்த ஜீப்பும் கருத்தம்மாவை மலைக்கு ஏற்றுவதில்லை. காலையில் போய் நிற்கிறார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டு, காலி இருக்கைகளோடு கிளம்பிப் போகிறார்கள். வெள்ளைத்துரையின் அண்ணன் மகனுடைய ஜீப் மட்டும் பட்டப்பகலில் கருத்தம்மாவின் தெருவுக்கு வருகிறது. வாசலுக்கு நேரே நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். இஞ்சினையும் நிறுத்த மாட்டார்கள். கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போய்விடும்.

தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற ரோஜா தினமும் போன் செய்து அழுகிறாள். நேற்று நான் இருக்கும்போதும் செய்தாள்.

“வெரசாக் கெளம்பி வாம்மா. இங்க வந்து சாமி கும்பிடுவோம்.”

“உங்கப்பா சோறு தின்னது இந்த வீட்டுலடி. இங்கதான் இலை போடணும்.”

“எந்த நாளுன்னு போடுவ? மூணு நாள்ல எதுன்னு தெரியுமா உனக்கு?”

“கதவு தொறந்த நாள வச்சுக்கிறேன். அன்னைக்குத்தான வெளிய வந்தாக.”

போனை வைத்துவிட்டு, அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றப்போவதாக என்னிடம் சொன்னார். அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு எங்கேயும் வர மாட்டேன் என்றார். கருவாட்டுக் குழம்பு வெறுமனே வைத்தால் பால்பாண்டிக்குப் பிடிக்குமா, கத்தரிக்காய் போட்டு வைத்தால் பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருடத்தில் அது மறந்துபோயிருந்தது.

தைப்பூசத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஜீப் இன்று இரண்டு முறை வந்தது.