பகல் ஷிப்டுக்கு வராத புறா

போன வருடம் காலேஜ் லீவில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் நடந்தது இது. எதிர்வீட்டு நண்பன் பிரியாணிக் கடையில் வேலை பார்க்கிறான், மொட்டை மாடியில் புறா வளர்க்கிறான். நான் விலங்கியல் படிக்கிறேன், அதனால் வாய் அதிகம்.

புறாக்கள் ஷிப்ட் போட்டுத்தான் அடை காக்கும். ராத்திரி பெண், பகலில் ஆண். அவனிடம் இருந்த ஒரு ஆண்புறா மட்டும் ஷிப்டுக்கு வரவே வராது. பசி பொறுக்காமல் பெண் எழுந்து போகும், முட்டை ஆறிப்போகும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கடைசியில் நண்பன் முட்டையை வேறு ஜோடியிடம் மாற்றி வைத்து ஒரு ஆண்குஞ்சை எடுத்தான். அது அப்பனோடு ஒட்டாமலே வளர்ந்து, ஜோடி சேர்ந்து, அந்த லீவில் அதன் கூட்டிலும் முட்டை வந்தது.

“பாரு மாப்ள, இதுவும் உக்காராது. ரத்தத்துல வர்றது” என்றேன். வகுப்பில் கேட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா திரும்பினார். நண்பன் கைக்குழந்தையாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போனவர் அவனைப் பெற்ற அத்தா. நண்பனின் மனைவிக்கோ அப்போது ஏழாம் மாதம்.

“அப்ப எம் மகனும் ஓடிருவானாப்பா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நண்பன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

மறுநாள் அந்த இளம் ஆண்புறா ஷிப்டுக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் நின்று கழுத்தை உப்ப வைத்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது பலித்தது எனக்கே பிடிக்கவில்லை. முட்டையை மாற்றிவிடலாம் என்றேன்.

“இன்னொரு நாள் பாப்போம்டா. அதுக்கும் புதுசுதான?” என்று சொல்லி, பெண்புறாவுக்குக் கூட்டிலேயே கம்புத் தானியம் வைத்தான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் அது வந்தது. முட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பெண் எழுந்து வழிவிட்டது. மேலே உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, வெளியே கிடந்த ஒரு முட்டையை அலகால் உள்ளே தள்ளிக்கொண்டது. நண்பன் கீழே போய் அம்மாவைக் கூட்டி வந்தான். அவர் செத்த நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதையும் பரீச்சைல எழுதுப்பா.”

இரண்டு முட்டையும் குஞ்சு பொரித்தன. நண்பனுக்கு மகள் பிறந்தாள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து அவளைத் தோளில் போட்டுக்கொள்கிறான். ரத்தத்தில் வருவதைப் பற்றி இன்றும் படிக்கிறேன், நம்புகிறேன். ஆனால் யாரையாவது ‘அப்பன் மாதிரியேதான்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், ஒருவேளை அவனுடைய ஷிப்டுக்கு இன்னும் நேரம் ஆகவில்லையோ என்று ஒரு நாள் பொறுத்துக்கொள்கிறேன்.